டாக்டர் ஆராய்ச்சிக்குக் குடல் துணுக்கு கேட்கிறார், கொடுக்கலாமா?

கேள்வி இதுதான்: 24 வயதுத் தம்பிக்குக் கிரோன் நோய் என்று இரண்டு மாதம் முன்பு சொல்லியிருக்கிறார்கள். பார்க்கிற டாக்டர் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர், ஆராய்ச்சியும் செய்கிறவர். அடுத்த கொலனோஸ்கோப்பியின்போது (குழாய் கேமராவை விட்டுப் பெருங்குடலுக்குள் பார்க்கும் பரிசோதனை) கூடுதலாக நாலைந்து துணுக்குகளும் கொஞ்சம் ரத்தமும் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார். பின்னால் ஒரு மருந்துச் சோதனையில் சேரும் வாய்ப்பும் வரலாமாம். "தொண்ணூறு வருஷமாக ஆராய்ந்தும் குணமாக்க ஒரு மருந்து இல்லை, இவர்கள் என்னதான் ஆராய்கிறார்கள், என் தம்பி என்ன பரிசோதனை எலியா?"

கோபம் புரிகிறது. முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன்: துணுக்கும் ரத்தமும் தாராளமாகக் கொடுக்கலாம். மருந்துச் சோதனைக்கு மட்டும் சில கேள்விகள் கேட்டுவிட்டு முடிவெடுங்கள், அவற்றைக் கடைசியில் எழுதுகிறேன். நடுவில், இந்த நோயை ஆராய்கிற டாக்டர்கள் இத்தனை வருஷம் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அது தெரியாமல் "கொடுங்கள்" என்றால் உங்களுக்கு அது உபதேசம் மாதிரிதான் இருக்கும்.

ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். தம்பியின் நோய் சேர்ந்த ஐபிடி வேறு, ஐபிஎஸ் என்கிற எரிச்சல் குடல் கோளாறு வேறு. ஐபிஎஸ்ஸில் குடல் பார்க்க நன்றாகவே இருக்கும், வேலை செய்யும் விதத்தில்தான் கோளாறு. ஐபிடி என்கிற குடல் அழற்சி நோயில் குடல் சுவரே வீங்கிப் புண்ணாகிறது. அதில் இரண்டு பெரிய வகை: பெருங்குடலின் உள்தோலை மட்டும் தாக்கும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் ஒன்று, வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வந்து, சுவரின் முழுக் கனத்தையும் துளைத்துக்கொண்டு போகக்கூடிய கிரோன் இன்னொன்று. தம்பிக்கு வந்திருப்பது இரண்டாவது.

கிரோன் என்பது ஒரு டாக்டரின் பெயர். 1932-ல் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த கிரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் மூன்று பேரும் 14 நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். பெயர்களை அகர வரிசையில் போட்டதால் கிரோன் முதலில் வந்தார், நோய்க்கு அவர் பெயரே ஒட்டிக்கொண்டது. நோயாளிகளுக்கு அறுவை செய்த பெர்க் என்பவர் தன் பெயரைச் சேர்க்கச் சம்மதித்திருந்தால் இன்று இதைப் பெர்க் நோய் என்றுதான் சொல்லிக்கொண்டிருப்போம். கிளாஸ்கோவில் டல்சியல் என்ற அறுவை மருத்துவர் 1913-லேயே கிட்டத்தட்ட இதே நோயை எழுதிவைத்திருந்தார், யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. போலந்துக்காரர்கள் அதற்கும் முன்பே எழுதிய தங்கள் ஊர் டாக்டர் லெஸ்னியோவ்ஸ்கியின் பெயரையும் சேர்த்துத்தான் இன்றும் சொல்கிறார்கள். பெயர் விவகாரம் கிடக்கட்டும்.

இந்த நோயின் ஆராய்ச்சி வரலாற்றைப் படித்தால் ஒன்று திரும்பத் திரும்பக் கண்ணில் படும். காகிதத்தில் கச்சிதமாக இருக்கிற யோசனை குடலுக்குள் போனதும் காலை வாரிவிடும். எலியில் வேலை செய்தது, மூட்டுவாதத்தில் வேலை செய்தது, எல்லாம் இங்கே செல்லுபடியாகாமல் போகும். எதிர்பார்க்காத இடத்தில் பதில் கிடைக்கும். அதனால்தான் இந்தத் துறையில் காலையில் வார்டில் நோயாளியைப் பார்த்துவிட்டு மதியம் ஆய்வுக்கூடத்துக்குப் போகிற ஆட்கள் இவ்வளவு முக்கியமாகிவிட்டார்கள். ஆய்வுக்கூடத்தில் மட்டுமே இருப்பவருக்கு எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று தெரியாது, வார்டில் மட்டுமே இருப்பவருக்கு அந்தக் கேள்வியைத் தீர்த்துப் பார்க்க நேரமும் கருவியும் இருக்காது.

எனக்கு மிகவும் பிடித்த கதை சல்ஃபாசலசினுடையது. சுவீடனில் நான்னா ஸ்வார்ட்ஸ் என்ற பெண் மருத்துவப் பேராசிரியர், மூட்டுவாதத்துக்குக் காரணம் கிருமி என்று நம்பினார். கிருமியைக் கொல்ல ஒரு சல்ஃபா மருந்து, வலிக்கும் வீக்கத்துக்கும் ஆஸ்பிரின் குடும்பத்து மருந்து ஒன்று, இரண்டையும் ஒரே மூலக்கூறாக ஒட்டினால் என்ன என்று யோசித்து ஒரு மருந்தை உருவாக்கவைத்தார். அதைச் சாப்பிட்டவர்களில் சிலருக்குப் பெருங்குடல் புண்ணும் இருந்தது, அந்தப் புண் ஆறுவதைக் கவனித்தார். 1940-களிலிருந்து அது குடலுக்கான மருந்தாகவே நிலைத்துவிட்டது. ஆனால் ஒட்டிய இரண்டு பாதியில் எது வேலை செய்கிறது என்று முப்பது வருஷத்துக்கு மேல் யாருக்கும் தெரியாது. தலைவலி, குமட்டல், தோல் தடிப்பு என்று பலர் மருந்தைத் தாங்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள்.

வங்கதேசத்திலிருந்து ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போயிருந்த ஆசாத் கான் என்ற டாக்டர், அங்கே ட்ரூலவ் என்ற மூத்த பேராசிரியரோடு சேர்ந்து இந்தக் கேள்வியை எடுத்தார். சிக்கல் என்னவென்றால், அந்த ஆஸ்பிரின் குடும்பத்துப் பாதியைத் தனியாக வாய்வழி கொடுத்தால் மேல்குடலிலேயே ரத்தத்துக்குள் உறிஞ்சப்பட்டுவிடும், பெருங்குடலுக்கு வந்து சேராது. சரி, கீழேயிருந்து கொடுப்போம் என்று எனிமாவாகக் கொடுத்தார்கள். சிலருக்கு முழு மருந்து, சிலருக்கு ஒரு பாதி, சிலருக்கு மறு பாதி, மொத்தம் 62 பேர். 1977-ல் முடிவு வந்தது: வேலை செய்வது ஆஸ்பிரின் குடும்பத்துப் பாதிதான், சல்ஃபா பாதி வெறும் வண்டி. பெருங்குடலில் இருக்கிற கிருமிகள் அந்த ஒட்டை உடைத்த பிறகுதான் மருந்து வெளியே வருகிறது, பக்கவிளைவுகளில் பெரும்பாலானவை வண்டியால் வந்தவை. அப்புறம் வண்டியைக் கழற்றிவிட்டு, குடலில் கீழே போய்க் கரைகிற உறைபோட்டு மெசலமின் மாத்திரைகள் வந்தன. இன்று உலகம் முழுக்க அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்காரர்கள் தினமும் விழுங்குவது அதைத்தான். ஒரு நல்ல கேள்வி, 62 நோயாளிகள், எனிமா. அவ்வளவுதான் செலவு. (கிரோனுக்கு இந்த மருந்தால் பெரிய பலன் இல்லை, தம்பிக்கு ஏன் எழுதவில்லை என்று சண்டைக்குப் போகாதீர்கள்.)

அதே ட்ரூலவ் 1955-ல் விட்ஸ் என்பவரோடு சேர்ந்து கார்டிசோன் ஸ்டீராய்டை அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் சோதித்தவர். 210 பேரில் பாதிக்கு ஸ்டீராய்டு, பாதிக்குப் போலி மருந்து. ஆறு வாரத்தில் நோய் அடங்கியவர்கள் ஸ்டீராய்டு பக்கம் சுமார் 41 சதவீதம், போலி மருந்துப் பக்கம் 16 சதவீதம். இந்த 16 சதவீதத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஸ்டீராய்டே இல்லாமல் ஆறில் ஒருவருக்கு அடங்கியிருக்கிறது, ஏனென்றால் இது தானாகவே ஏறி இறங்குகிற நோய். "இந்தக் கஷாயம் குடித்தேன், ஒரே மாதத்தில் சரியாகிவிட்டது" என்று உங்களுக்கு வருகிற அத்தனை செய்திக்குப் பின்னாலும் இந்த 16 சதவீதம் உட்கார்ந்திருக்கிறது. போலி மருந்துக் குழு ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

நம்பிக்கைக்கு மாறாகக் குடல் நடந்துகொண்ட கதைகள் நிறைய இருக்கின்றன. 1979-ல் அமெரிக்காவில் கிரோனுக்கான ஒரு பெரிய கூட்டுச் சோதனையின் முடிவு வெளியானது, அசதயோபிரின் என்ற எதிர்ப்புச் சக்தி அடக்கி 17 வாரத்தில் குறிப்பிடும்படி பலன் தரவில்லை என்றது. முடிந்தது கதை என்று பலர் மூடிவைத்தார்கள். ஆனால் நியூயார்க்கில் பிரசன்ட் என்ற டாக்டரும் அவர் கூட்டாளிகளும் தங்கள் சொந்த நோயாளிகளில் வேறு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள்: மருந்து வேலை செய்கிறது, ஆனால் ஆமை வேகத்தில். அதன் நெருங்கிய உறவான 6-மெர்காப்டோபியூரினை 83 பேரிடம் இரண்டு வருஷம் சோதித்து 1980-ல் வெளியிட்டார்கள், மருந்தில் 67 சதவீதம் பேருக்கு முன்னேற்றம், போலி மருந்தில் 8 சதவீதம். பலன் தெரிய சராசரியாக மூன்று மாதத்துக்கு மேல் ஆனது. அவசரப்பட்டு அடுப்பைத் திறந்தவர்களுக்குச் சோறு வேகவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம் என்று நான் நினைத்திருந்தேன். நியாயத்துக்கு இதையும் சொல்லிவிட வேண்டும்: பின்னால் பல ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்தபோது அந்த 67 சதவீத உற்சாகம் ரொம்பவே குறைந்தது, இந்த வகை மருந்துகள் எரிகிற நோயை அணைக்க உதவுவதைவிட அணைந்ததை அணைந்தபடி வைத்திருக்கவே உதவுகின்றன.

பிறகு வந்தது டி.என்.எஃப் யுகம். அழற்சியைத் தூண்டிவிடும் ஒரு புரதம் அது. அதைப் பிடித்துக் கட்டிப்போடும் ஆன்டிபாடியை 1990-களின் தொடக்கத்தில் ஆம்ஸ்டர்டாமில் எதற்கும் அடங்காத கிரோனால் அவதிப்பட்ட ஒரு சிறுமிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், நோய் நன்றாகவே அடங்கியது. ஒரே ஒரு நோயாளி. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, ஆனால் அதை வைத்துத்தான் அடுத்த கட்டத்துக்குப் போக முடிந்தது. 1997-ல் 108 பேரிடம் நடந்த சோதனையில், கிலோவுக்கு 5 மில்லிகிராம் வாங்கியவர்களில் 81 சதவீதம் பேருக்கு நாலு வாரத்தில் பலன், போலி மருந்தில் 17 சதவீதம். அதே மருந்தை நாலு மடங்கு கொடுத்தும் கூடுதல் பலன் இல்லை. அதுதான் இன்ஃப்ளிக்ஸிமாப், 1998-ல் அமெரிக்க அனுமதி கிடைத்தது.

சரி, டி.என்.எஃப்-ஐக் கட்டிப்போட்டால் போதும் என்று தெரிந்துவிட்டதே, அதையே செய்யும் எட்டனர்செப்ட் என்ற இன்னொரு மருந்தும் மூட்டுவாதத்தில் பிரமாதமாக வேலை செய்கிறதே என்று அதைக் கிரோனில் சோதித்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. செல்லின் மேல் ஒட்டியிருக்கும் டி.என்.எஃப்-ஐ இன்ஃப்ளிக்ஸிமாப் அளவுக்கு இது பிடிப்பதில்லை என்பதுதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். இதைவிடப் பெரிய அடி இன்டர்லூக்கின்-17 விஷயத்தில். வீங்கிய குடலில் அந்தப் புரதம் எக்கச்சக்கமாக இருக்கும், சொரியாசிஸில் அதைத் தடுத்தால் தோல் பளபளவென்று ஆகிவிடும், ஆகவே கிரோனிலும் தடுப்போம் என்று செகுகினுமாப் மருந்தைக் கொடுத்தார்கள். 2012-ல் முடிவு வெளியானபோது, பலன் இல்லை என்பதோடு நிற்கவில்லை, மருந்து வாங்கியவர்களுக்குப் போலி மருந்துக்காரர்களைவிட நோய் மோசமாகியிருந்தது. குற்றம் நடந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தவரைக் குற்றவாளி என்று பிடித்துவிட்டார்கள், அவரோ தீயணைக்க வந்தவர்: இன்டர்லூக்கின்-17 குடல் சுவரின் காவலுக்கும் தேவைப்படுகிற புரதம். எலியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்காது.

அதற்கு ஒரு படி மேலே இருக்கிற இன்டர்லூக்கின்-23-ஐத் தடுத்தால் மட்டும் நன்றாக வேலை செய்கிறது. அந்தப் பக்கம் பார்க்கச் சொன்னது மரபணு ஆராய்ச்சி. 2006-ல், இன்டர்லூக்கின்-23-இன் ஏற்பியில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் இருப்பவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு குறைவு என்று கண்டார்கள். இயற்கையே அந்தச் சமிக்ஞையைக் கொஞ்சம் மட்டுப்படுத்திச் சோதித்துக் காட்டியிருக்கிறது. இன்று ரிசாங்கிஸுமாப் போன்ற மருந்துகள் அந்த வழியில்தான் வந்து நிற்கின்றன.

மரபணு என்று வந்தால் 2001-ஐச் சொல்லாமல் விட முடியாது. பாரிஸில் ஹூகோவின் குழு, அமெரிக்காவில் நூன்யெஸ், சோ ஆகியோரின் குழு, இரண்டும் ஒரே நேரத்தில் நாட்2 என்ற மரபணுவைப் பிடித்தன. ஹூகோவும் ஜூடி சோவும் நோயாளிகளைப் பார்க்கிற டாக்டர்கள். ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று பேருக்குக் கிரோன் இருக்கிறதே என்று குடும்பம் குடும்பமாகத் தேடி ரத்தம் சேர்த்த பல வருஷ உழைப்பு அது. அதில் வந்த ஆச்சரியம்: நோய் எதிர்ப்பு சக்தி அளவுக்கு மீறித் துள்ளுவதால் வரும் நோய் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்க, நாட்2 என்பது கிருமியின் சுவர்த் துண்டை மோப்பம் பிடிக்கிற கருவியாக இருந்தது, நோயாளிகளிடம் அந்த மோப்பம் மழுங்கியிருந்தது! வாசல் காவலாளி தூங்குவதால் உள்ளே கலவரம் பெரிதாகிறது என்கிற மாதிரி. ஆனால் அந்த மாற்றங்கள் ஜப்பான், சீனா, கொரியா கிரோன் நோயாளிகளிடம் தேடினால் கிடைப்பதில்லை. அவர்களுக்கும் நோய் வருகிறது, வேறு பாதையில். ஐரோப்பியர்களின் ரத்தத்தை மட்டும் வைத்து எழுதிய வரைபடம் எல்லாருக்கும் வழிகாட்டாது, உங்கள் தம்பியிடம் துணுக்கு கேட்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இன்றைக்கு நோயோடு தொடர்புள்ள மரபணு இடங்கள் 200-க்கு மேல் தெரியும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை எந்தப் புரதத்தையும் உருவாக்காத, வெறும் பொட்டல் போலத் தோன்றும் பகுதிகளில் இருக்கின்றன. அப்படி ஒரு பொட்டலை 2024-ல் லண்டனில் ஜேம்ஸ் லீயின் குழு தோண்டிப் பார்த்தது (இவரும் மருத்துவமனையில் ஐபிடி நோயாளிகளைப் பார்க்கிறவர்தான்). அந்தப் பகுதி ஈடிஎஸ்2 என்ற மரபணுவின் சத்தத்தைக் கூட்டுகிற திருகாணி என்றும், சத்தம் கூடினால் மேக்ரோஃபேஜ் என்கிற நோய் எதிர்ப்பு செல்கள் குடலில் தீ வைப்பவையாக மாறுகின்றன என்றும் காட்டினார்கள். நோயாளிகளின் குடல் துணுக்குகளிலும் அதைச் சரிபார்த்தார்கள். துணுக்கு கொடுத்தவர்கள் இல்லாவிட்டால் அந்தக் கட்டுரை இல்லை.

2024-லேயே வந்த ப்ரொஃபைல் சோதனைதான் உங்கள் தம்பிக்கு நேரடியாகப் பொருந்துவது. கேம்பிரிட்ஜ் டாக்டர்கள் ஒரு ரத்தப் பரிசோதனையை உருவாக்கியிருந்தார்கள், யாருக்கு நோய் முரட்டுத்தனமாகப் போகும், யாருக்குச் சாதுவாக இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லும் என்று எதிர்பார்த்தார்கள். புதிதாகக் கிரோன் கண்டறியப்பட்ட 386 பேரைச் சேர்த்து, ஒரு பாதிக்கு வழக்கம்போல மெல்ல மெல்லப் படியேறும் சிகிச்சை, மறு பாதிக்கு எடுத்த எடுப்பிலேயே இன்ஃப்ளிக்ஸிமாபும் கூட ஒரு எதிர்ப்புச் சக்தி அடக்கியும். ரத்தப் பரிசோதனை படுதோல்வி, யாரையும் பிரித்துக் காட்டவில்லை. ஆனால் ஒரு வருஷ முடிவில் ஸ்டீராய்டோ அறுவையோ இல்லாமல் நோய் அடங்கியே இருந்தவர்கள், ஆரம்பத்திலேயே வலுவான மருந்து வாங்கியவர்களில் 79 சதவீதம், படியேறியவர்களில் 15 சதவீதம். தேடிப் போனது ஒன்று, கிடைத்தது அதைவிடப் பெரியது. தம்பிக்கு நோய் தெரிந்து இரண்டு மாதம்தான் ஆகிறது என்பதால், வலுவான மருந்தை இப்போதே தொடங்கலாமா என்று டாக்டரிடம் நேராகவே கேளுங்கள். அதற்கு முன் காசநோய்ச் சோதனை செய்வார்கள், உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும் காசநோயை இந்த மருந்துகள் எழுப்பிவிடும் என்பதால். குடல் காசநோயும் கிரோனும் ஸ்கோப்பியில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும், காசநோய் அதிகமுள்ள நாடுகளில் டாக்டர்கள் இதில் இரண்டு மடங்கு கவனமாக இருப்பார்கள்.

குடல் கிருமிகள் பற்றி ஒரே ஒரு விஷயம், சுவாரசியத்துக்காக. கனடாவில் 2015-ல் வெளியான ஒரு சோதனையில் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்காரர்களுக்கு ஆரோக்கியமானவர்களின் மலத்தை எனிமாவாகக் கொடுத்தார்கள். நோய் அடங்கிய 9 பேரில் 7 பேருக்கு ஒரே ஒரு கொடையாளியின் மலம்தான் போயிருந்தது. அவருடைய குடலில் அப்படி என்ன இருந்தது என்று துறையே மண்டையைப் பிய்த்துக்கொண்டது. வீட்டில் முயற்சி செய்துவிடாதீர்கள், கிரோனுக்கு இது நிரூபிக்கப்பட்ட வைத்தியமும் கிடையாது.

இனி உங்கள் விஷயம். துணுக்கு என்பது சில மில்லிமீட்டர் அளவு. குடலின் உள்தோலைக் கிள்ளினால் வலி தெரியாது, எப்படியும் செய்யவேண்டிய ஸ்கோப்பியில் கூட நாலு கிள்ளு. ரத்தக்கசிவு போன்ற ஆபத்து இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன், மிக மிக அரிது. ஆராய்ச்சிக்காகவே தனியாக ஒரு ஸ்கோப்பி என்றால் மட்டும் யோசியுங்கள். பெயர் நீக்கி, எண் போட்டுத்தான் மாதிரியை வைப்பார்களா, மரபணுவும் படிப்பார்களா, வேறு யாருக்காவது அனுப்புவார்களா என்று கேளுங்கள். ஒப்புதல் தாளை வீட்டுக்கு எடுத்து வந்து படிக்க உரிமை உண்டு. கையெழுத்துப் போட்ட பிறகும் விலகலாம், விலகினால் வழக்கமான சிகிச்சையில் ஒரு குறையும் வைக்கக் கூடாது. இதைச் சொல்ல டாக்டர் தயங்கினால் நீங்களும் தயங்குங்கள்.

மருந்துச் சோதனை வரும்போது கேட்க வேண்டியவை: போலி மருந்துக் குழு உண்டா, எத்தனை வாரம், நடுவில் நோய் ஏறினால் உடனே நல்ல மருந்துக்கு மாற்றுவார்களா, சோதனை முடிந்த பிறகு பலன் தந்த மருந்து தொடர்ந்து கிடைக்குமா, பாதிப்பு வந்தால் செலவு யாருடையது, பணம் போடுவது கம்பெனியா கல்லூரியா. ஏற்கெனவே நன்றாக அடங்கியிருக்கிற நோயாளியைப் போலி மருந்துக் குழுவில் போடும் சோதனை என்றால் நான் என் தம்பியைச் சேர்க்க யோசிப்பேன். எல்லா மருந்தும் தோற்றுப்போன நிலையில் என்றால் நானே கூட்டிக்கொண்டு போவேன்.

அப்புறம், தம்பி சிகரெட் பிடிக்கிறவரா என்று நீங்கள் சொல்லவில்லை. பிடிக்கிறார் என்றால் நிறுத்தச் சொல்லுங்கள், கிரோனை அது நிச்சயம் மோசமாக்கும். அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் விசித்திரமாக நேர்மாறு, புகையை விட்ட பிறகு நோய் கிளம்புவது உண்டு. அதை எங்கேயாவது அரைகுறையாகப் படித்துவிட்டுத் தம்பி உங்களிடம் வாதாட வந்தால், அது அந்த நோய், இது வேறு நோய் என்று சொல்லிவிடுங்கள்.